இடப்பக்கத்துப் பிரேக்

மெல்பேர்னுக்கு வடக்கே கிரெய்கிபர்னில் இருக்கிற தமிழர்களில் பாதிப்பேருக்குக் கார் ஓடப் பழக்கியவர் வரதராஜா. மற்றப் பாதிப்பேர் அவரிடம் தொடங்கி, ஏச்சுத் தாங்காமல் வேறு ஆளிடம் போனவர்கள். இரண்டு பகுதியும் அவரை ‘ட்ரைவிங் வரதர்’ என்றுதான் சொல்லும். ஆள் பொல்லாதவரில்லை. ஒவ்வொரு பாடமும் தொடங்கும்போது “நான் இருக்கிறன், பயப்பிடாதேங்கோ” என்பார். அந்த ஒரு வசனத்துக்காகவே, கல்யாணமாகிப் புதிதாக வந்திறங்கிய மருமகள்மாரும், ஐம்பது வயதில் முதன்முதலாக ஸ்டியரிங்கைத் தொட்ட அன்ரிமாரும் அவரைத் தேடி வந்தார்கள்.

அவருடைய வெள்ளைக் கொரோலாவில் இடப்பக்கத்து ஆசனத்தின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் பழக்குகிறவர் மிதிப்பதற்காகப் பூட்டியது. வருசக்கணக்காக அதன்மேல் காலை வைத்துக்கொண்டே அவர் உலகத்தைப் பார்த்துவந்தார். ரவுண்டபவுட் வட்டத்துக்குள் எவனாவது குறுக்கே பாய்ந்தால் முதலில் அவருடைய கால் மிதிக்கும், பிறகுதான் மூளைக்குச் சேதி போகும். “உங்கட கால் இல்லாட்டி என்ர பிள்ளை இண்டைக்கு இல்லை அண்ணை” என்று ஒரு தாய் கண் கலங்கி, வாளி நிறையப் பயத்தம்பணியாரம் கொண்டுவந்து கொடுத்ததும் உண்டு. அந்தக் காலைப் பற்றி வரதருக்குக் கொஞ்சம் பெருமை. இருக்கத்தானே செய்யும்!

சிக்கல் என்னவென்றால், அந்தக் காலுக்கு லீவு கிடையாது. சிநேகிதரின் காரில் ஏறினாலும் மிதிக்கும். டாக்சியில் மிதிக்கும். சோபாவில் இருந்து டிவியில் கார் ஓட்டம் பார்த்தாலும் கம்பளத்தை மிதிக்கும். “பிளேன் இறங்கேக்கையும் இவர்தான் பிரேக் பிடிக்கிறவர். பைலட் பாவம், சும்மா இருக்கிறவர்” என்று மனைவி ரஞ்சினி விருந்துகளில் சொல்லிச் சிரிப்பாள். வரதரும் சேர்ந்து சிரிப்பார். அப்போதெல்லாம் அது சிரிக்கக்கூடிய விசயமாகத்தான் இருந்தது.

ரஞ்சினி வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அவளுக்குக் கார் ஓடப் பழக்க வரதர் ஒருமுறை முயன்றார். இரண்டாம் பாடத்தில் அவள் தெருவோரத்தில் காரை நிறுத்தி, இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு பக்கத்து ஊரான எப்பிங்கில் ஒரு கிரேக்கக் கிழவரிடம் இரகசியமாகப் பழகி, முதல் டெஸ்டிலேயே பாஸ் பண்ணினாள். ஊருக்கெல்லாம் பழக்குகிறவரின் மனைவி அந்நியனிடம் பழகினாள் என்ற மானக்கேடு வெளியில் வராமல் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். தனியே வேலைக்குப் போகும்போது தன் சின்ன நீல யாரிஸ் காரை அவளே ஓடுவாள். வரதர் கூட ஏறினால் சாவி தானாக அவர் கைக்குப் போய்விடும்.

இப்படிப்பட்ட ரஞ்சினிக்குத்தான் அந்த ஆசை வந்தது. மற்றப் பெண்கள் சமைத்துக்கொண்டே சீரியல் பார்ப்பார்கள். இவள் குசினியில் அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, மொட்டைத் தலையர் ஒருவரும் அவர் மனைவியும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் கேப் யோர்க் காட்டுக்குள்ளால் வடக்கே வடக்கே போகிற வீடியோக்களைப் பார்ப்பாள். செம்மண், ஆறு, சேறு, கடைசியில் பாறை, அதற்கு அப்பால் கடல். இந்தப் பெரிய நாட்டின் வடக்கு நுனி அதுதான்.

“அந்த நுனியில போய் நிக்கோணும்” என்றாள் ஒருநாள், வெங்காயம் வெட்டிக்கொண்டே.

“நிண்டு?”

“நிண்டு என்ன செய்யிறது? சும்மா நிக்கிறது. இதுக்கு மிஞ்சி றோட் இல்லை எண்ட இடத்தில ஒருக்கா நிண்டு பாக்கோணும்.”

அவள் தனக்கென்று எதையும் கேட்டது வரதருக்கு ஞாபகமில்லை. அதனால் அதேமாதிரி வண்டி, பழைய பிராடோ ஒன்று வாங்கினார். பேசின் என்ற ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்தார்கள். கூட வருவதாகச் சொன்ன சிவபாலன் அன்றைக்குத்தான் வண்டியைச் சுற்றிப் பார்த்தான். அவன் வரதரிடம் கார் பழகிய முதல் மாணாக்கர்களில் ஒருவன். இப்போது ஊர்த் தமிழருக்கெல்லாம் காட்டுப்பயணக் குரு. தண்ணீருக்குள் போகும்போது எஞ்சினுக்குக் காற்று எடுக்க, கண்ணாடிக்குப் பக்கத்தால் மேலே நீண்டு நிற்கிற குழாய் அவனுடைய வண்டியில் இருந்தது. பிராடோவில் இல்லை.

“இதுக்கும் ஒரு தும்பிக்கை பூட்டுங்கோ அண்ணை.”

“உள்ள இருக்கிறவற்ற தும்பிக்கை போதும்” என்று வரதர் கோபுரத்தைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஐயர்கூடச் சிரித்தார்.

மெல்பேர்னில் குளிர் எலும்பைக் கடிக்கிற மாதத்தில் வெளிக்கிட்டார்கள். வடக்கே அப்போதுதான் மழை விட்டு, பாதை காய்ந்து, ஆறுகள் வற்றியிருக்கும். சிவபாலன் தனியாகத்தான் வந்தான். “முதலைக்குச் சாப்பாடாக நான் வரேல்லை” என்று அவன் மனைவி வீட்டிலேயே நின்றுவிட்டாள். பாவம், அதற்குப் பதிலாக ஒரு ஐஸ்பெட்டி நிறைய மீன்குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள்.

தார் றோட் முடியும்வரை வரதர்தான் ஓடினார். அதன்பிறகு தகரக் கூரையைப் படுக்கப் போட்டதுபோல வரிவரியாகக் கிடந்த செம்மண் பாதை. ரயரில் காற்றைக் குறைக்கவேண்டும் என்று ரஞ்சினி சொன்னாள். “எனக்கு ரயர் பழக்காதேயும்” என்றார் அவர். குறைக்காமலே ஓடினார். பல்லும் கடகடத்தது, சாமானும் கடகடத்தது. அடுத்தநாள் காலை வரதருக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. கூடாரத்தை விட்டு நிமிர முடியவில்லை.

ரஞ்சினி நான்கு ரயரிலும் காற்றை இறக்கினாள். வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். அந்த இரண்டு பாடங்களை விட்டால், கல்யாணம் கட்டிய பிறகு முதல்தடவையாக வரதர் தன் மனைவிக்குப் பக்கத்தில், இடப்பக்கத்தில் இருந்து பயணம் போனார்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் என்ன மாதிரி ஓடினாள்! மணல் வந்தால் எங்கே அழுத்தவேண்டும், கிடங்கு வந்தால் எங்கே விடவேண்டும் என்று அவளுடைய கைக்குத் தெரிந்திருந்தது. செம்புழுதி கண்ணாடியில் படிய, கறையான் புற்றுகள் ஆளுயரத்துக்கு இரு பக்கமும் நிற்க, அவள் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓடினாள். வரதரின் கால் வெறுந்தரையை மிதித்து மிதித்துக் களைத்தது.

வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் சிவபாலனின் குரல் வந்தது. “வரதண்ணை, இண்டைக்கு என்ன, பூப்போல வாறியள்?”

“நானில்லையடா. ரஞ்சினி.”

“அப்ப அக்காவிட்ட நீங்கள் பழகுங்கோ!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வரதரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் சின்ன முள்ளொன்று இருந்தது என்பதை இப்போது அவர் ஒத்துக்கொள்கிறார். இத்தனை பேருக்குப் பழக்கியிருக்கிறார், ஒருத்தராவது இப்படி ஓடியதில்லை. அவளோ கிரேக்கனிடம் பழகியவள்.

நுனிக்கு இன்னும் ஒரு நாள் ஓட்டம்தான் இருந்தது. அப்போதுதான் அந்த ஆறு வந்தது. அதன் பெயரைச் சொல்ல அவருக்கு இன்றைக்கும் வாய் வராது. அகலமில்லை, தேத்தண்ணி நிறத்தில் மெல்ல நகர்கிற ஆறு. முதலை இருக்கிறது என்று கரையில் பலகை. அதனால் இறங்கி நடந்து ஆழம் பார்க்க முடியாது. ரஞ்சினி வீடியோவில் பார்த்தபடி வண்டியின் மூக்கில் தண்ணீர் புகாத தறப்பாள் விரிப்பைச் சுற்றிக் கட்டினாள். வண்டி முன்னால் போகும்வரை தறப்பாள் தண்ணீரைத் தள்ளிப் பிடித்திருக்கும், எஞ்சின் பக்கம் விடாது. நின்றால் அவ்வளவுதான்.

சிவபாலன் முதலில் போய் அக்கரையில் ஏறி நின்றுகொண்டு ரேடியோவில் சொன்னான். “அக்கா, நடுவில ஒரு பள்ளம் கிடக்கு. மூக்குத் தாழும். எஞ்சின் பொனற்றுக்கு மேல தண்ணி வரும். வந்தாலும் நிக்காதேங்கோ. அதே வேகத்தில வாங்கோ.”

“ஓம், தெரியும்.”

“நான் ஓடட்டோ?” என்றார் வரதர்.

“உங்கட நாரியோட? நான் ஓடுறன்.”

“சரி. நான் இருக்கிறன், பயப்பிடாதேயும்.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்கள் இருக்கிறதுதானப்பா எனக்குப் பயம்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு வண்டியை இறக்கினாள்.

நன்றாகத்தான் போனாள். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, முன்னால் அலை எழும்பி, வண்டி உறுமிக்கொண்டு ஒரே சீராகப் போனது. நடுவில் மூக்குத் தாழ்ந்தது. பழுப்புத் தண்ணீர் பொனற்றில் ஏறிக் கண்ணாடியைத் தொட்டது. சிவபாலன் சொன்ன அதே பள்ளம், அதே தண்ணீர். அவள் அசையவில்லை, கால் அழுத்தியபடியே இருந்தது. வரதரின் கால்தான் தரையை மிதித்தது. அங்கே ஒன்றுமில்லை. உடனே கை போனது. இரண்டு ஆசனத்துக்கும் நடுவே இருந்த ஹான்ட் பிரேக்கை, மூளைக்குச் சேதி போகுமுன்பே, பலம்கொண்ட மட்டும் இழுத்துவிட்டார்.

வண்டி நின்றது. முன்னால் எழும்பி நின்ற அலை திரும்பி வந்து மூடியது. எஞ்சின் ஒருமுறை இருமியது, பிறகு சத்தமில்லை. கதவு இடுக்குகளால் தண்ணீர் வந்து காலை நனைத்தது.

யன்னலால் ஏறி இருவரும் கூரையில் இருந்தார்கள். நாரி பிடித்த மனிசனை அவள்தான் பெல்ட்டில் பிடித்து மேலே இழுத்தாள். சுற்றிவரத் தண்ணீர். எந்தப் பக்கம் எது மிதந்தாலும் முதலையாகத்தான் தெரிந்தது. அவள் ஏசவில்லை, அழவில்லை. மெல்லிய குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள். “ஏனப்பா இழுத்தனீங்கள்?”

வரதர் நனைந்த காற்சட்டைக் காலைப் பிழிந்தார்.

அக்கரையிலிருந்து சிவபாலன் தொண்டை கிழியக் கத்தினான். “அக்கா! ஏன் நிப்பாட்டினனீங்கள்? நிக்காதேங்கோ எண்டு சொன்னனானெல்லோ!”

இந்த இடத்தில்தான் வரதர் இப்போதும் வந்து வந்து நிற்கிறார். ரஞ்சினி அக்கரையை விட்டு இவர் பக்கம் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். அவர் வாய் திறப்பதற்கு இடம் விட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ‘நான்தானடா இழுத்தனான்.’ எவ்வளவு சின்ன வசனம்! ஆனால் கத்துகிறவன் அவரிடம் பழகிய பெடியன். ட்ரைவிங் வரதர் ஆற்றுக்கு நடுவில் ஹான்ட் பிரேக் இழுத்தார் என்று கிரெய்கிபர்ன் முழுக்க ஒரு கிழமையில் தெரிந்துவிடும். அந்தக் கணத்தில் அவர் அதை யோசித்தார். தண்ணீரையும் முதலையையும் விட்டுவிட்டு அதைத்தான் யோசித்தார். வெட்கக்கேடு!

ரஞ்சினி முகத்தைத் திருப்பினாள். “பயந்திட்டன் தம்பி!” என்று அக்கரைக்குக் கேட்கக் கத்தினாள்.

பின்னால் வந்த வெள்ளைக்காரர் இரண்டுபேரும் சிவபாலனும் இரும்புக் கயிறு போட்டு இழுத்து ஒருவழியாகக் கரை சேர்த்தார்கள். வண்டி செத்துவிட்டது. சிவபாலனின் வண்டியில் சாமான் போக ஒரு ஆசனம்தான் மிச்சம்.

“நுனி இஞ்சதானே கிடக்கு. ஒராள் வரலாம். அக்கா, வாறியளோ? அண்ணை இவையளோட கூடாரத்துக்குப் போய் நிக்கட்டும், ரெண்டு நாளில திரும்பி வந்திடலாம்.”

அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வரதர் அதைக் கண்டார். கண்டும், அவள் வாய் திறக்குமுன் இவர் சொல்லிவிட்டார். “இல்லையடா, காணும். நாங்கள் ரெண்டு பேரும் திரும்பிறம். இனியும் என்னத்துக்கு றிஸ்க்?”

அவள் கீழே குந்தினாள். ஈரச் சப்பாத்தைக் கழற்றி, கல்லில் தட்டி மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தாள். எப்படியோ கெயின்ஸ் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து விமானத்தில் வந்தார்கள். மெல்பேர்னில் இறங்கும்போது வரதரின் கால் முன் ஆசனத்தின் அடியை மிதித்தது. ரஞ்சினி அதைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

கதை அவர்களுக்கு முந்தியே ஊர் வந்துசேர்ந்திருந்தது. சிவபாலன் கெட்டவனில்லை, கண்டதைத்தான் சொன்னான். ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் அவன் கதிரையைத் திருப்பிப்போட்டு ஏறி இருந்து, “பயந்திட்டன் தம்பி” என்று ரஞ்சினியின் குரலில் நடித்துக் காட்ட, மண்டபமே குலுங்கியது. ஒரு அம்மா வரதரின் தோளில் தட்டி, “நல்லகாலம் அண்ணை, நீங்கள் பழக்கின எங்கட பிள்ளையள் இப்பிடியில்லை” என்றார். வரதர் சிரித்தார். ஐயோ, அவரும் சிரித்தார்! ரஞ்சினி பக்கத்தில் கேக் துண்டுகளைத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னார். “நான் சொல்லியிருக்கலாம்.”

“ஓம், சொல்லியிருக்கலாம்.”

அவள் ஏசியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் யாரிஸை எடுப்பதை விட்டது எப்போது என்று வரதருக்கே தெரியாது. முதலில் மழை என்றாள், பிறகு தலையிடி என்றாள். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனாள். கார் கராஜுக்குள் கிடந்து பற்றரி செத்தது. குசினியில் அரிசி டின்னில் சாய்ந்திருந்த போனில் இப்போது சீரியல் ஓடியது. மாமியார் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

“ஏன் ரஞ்சி ஓடுறேல்லை?”

“ஸ்டியரிங்கைப் பிடிச்சா நடுறோட்டில கார் தானா நிண்டிடும் எண்டு கிடக்கு.”

தன் மனைவி தான் விட்ட பிழையால் காரை விட்டுவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பயம் தெளிவித்தவர், வீட்டில் இருந்த ஒரே நல்ல ட்ரைவருக்குப் பயத்தைக் கொடுத்துவிட்டார். அவளை மறுபடி ஓட வைக்காவிட்டால் தன் தொழிலுக்கே அர்த்தமில்லை என்று அவருக்குப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கொரோலாவில் ஏற்றி, நகரத்துக்கு வடக்கே பண்ணை நிலங்களுக்குள்ளால் போகிற ஆளில்லாத றோட்டுக்குக் கொண்டுபோனார். இறங்கி ஆசனம் மாறினார்கள்.

அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவருடைய காலடியைப் பார்த்தாள். “அது அங்க கிடக்கும்வரைக்கும் எனக்கு ஏலாது.”

வரதர் யோசித்தார். சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி ஆசனத்தில் வைத்து, முழங்கால் முறுக முறுகச் சப்பாணி கட்டிக்கொண்டார். வயிறும் தொந்தியுமாக அந்தச் சின்ன ஆசனத்துக்குள் அவர் இருந்த கோலத்தைப் பார்த்து, மாதக்கணக்குக்குப் பிறகு ரஞ்சினி சிரித்தாள்.

“பேசின் பிள்ளையார் கெட்டார்!”

கார் நகர்ந்தது. முதலில் மாட்டு வண்டி வேகம். பிறகு தோள் இளகியது. பிறகு அந்தப் பழைய கை திரும்பி வந்தது, வளைவில் அழுத்திப் பிடித்து நேரில் விடுகிற அந்தக் கை. அவள் வாய்க்குள் பாட்டுக்கூட வந்துவிட்டது.

“இந்த றோட் வடக்கைதானே போகுது?” என்று கேட்டாள்.

“ஓம். இப்பிடியே பிடிச்சா நேர உம்மட நுனிதான். வாற வருசம் போவம் ரஞ்சி. முழுக்க நீர்தான் ஓடுறீர். நான் சிவபாலனுக்கும் உள்ளதைச் சொல்லுறன்.”

அவள் மெல்லத் தலையாட்டினாள். அது அவருக்குப் போதுமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில்தான், மரத்துப்போன வலது காலைக் கொஞ்சம் கீழே விட்டார். இரத்தம் ஓடட்டும் என்றுதான், வேறொன்றுக்குமில்லை.

தூரத்தில் வேலியோரம் ஒரு கங்காரு நின்றது. ரஞ்சினி அதைக் கண்டுவிட்டாள். கால் இளகி, கார் ஏற்கெனவே வேகம் குறைந்துகொண்டிருந்தது.

கால் மிதித்தது.

கார் முக்கிக்கொண்டு நின்றது. இருவருடைய தலையும் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. கங்காரு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி புல்லைக் கடிக்கத் தொடங்கியது.

“ரஞ்சி... நான்...”

“நான் கண்டனான்” என்றாள். “உங்களுக்கு முந்தியே கண்டனான்.”

எஞ்சினை நிறுத்தினாள். இறங்கினாள். காரின் முன்னால் நடந்து வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வரதர் காலிலேயே விழுந்திருப்பார்.

“இறங்குங்கோப்பா. நீங்களே ஓடுங்கோ.”

அவர் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடந்து மற்றப் பக்கம் போய் ஏறினார். ரஞ்சினி இடப்பக்கத்து ஆசனத்தில் இருந்து கதவைச் சாத்தினாள். வீடு வந்துசேரும்வரை அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடினார். அவள் இரண்டு காலையும் இழுத்து ஆசனத்துக்கு அடியில் மடக்கி வைத்திருந்தாள். ரவுண்டபவுட்டில் ஒருவன் குறுக்கே பாய்ந்தபோதுகூட அவள் கால் அந்தப் பிரேக்கின் பக்கம் போகவில்லை.